எந்தத் தொந்தரவும் செய்யாமல்

எந்தத் தொந்தரவும் செய்யாமல் என்று போட்டிருந்தான் அந்த ஆள், படத்துக்குக் கீழே, கொஞ்சமும் கூசாமல். பதினோரு மாசம் ஆகிறது. இன்னும் அந்த மூன்று சொல்லும் ஜெசிந்தாவுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார்மாதிரி நெருடுகிறது. வேண்டாம் என்றாலும் நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது. இப்போது ஓடைக்கரையில், ஈரப் பாறைமேல் ஒரு முட்டியை ஊன்றி, கேமராவுக்கு மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அளந்து விடுகிற இந்த நேரத்திலும் தொடுகிறது. மணி ஏழடிக்கப் போகிறது. சாரல் பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. மரங்கள்தான் தலையை உதறிக்கொண்டிருக்கின்றன. ஆறடி தள்ளி, தண்ணீருக்கு மேலே சாய்ந்த ஒரு தாழ்ந்த கிளையில் குழிவிரியன் பாம்பு இருக்கிறது. நேற்று இருந்த இடத்தில். முந்தாநாள் இருந்த இடத்தில். பத்தொன்பது நாளாக அதே கிளை, அதே சுருள். தலை மட்டும் சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பாசி பழுத்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறம். தெரியாதவன் கண்ணுக்கு ஒரு கொடி முடிச்சு. தெரிந்தவன் வந்துகொண்டிருக்கிறான், எட்டு மணிக்கு, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு. அதற்குள் ஒரு தவளை வரவேண்டும். கிளைக்குக் கீழே பாறையில் ஏதாவது ஒரு தவளை, தானாக, தன் பாட்டுக்கு வரவேண்டும். பாம்பு தானாக, தன் பாட்டுக்கு அதைப் பிடிக்கவேண்டும். அதை அவள் எடுக்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. பத்தொன்பது நாளாக, ஆஸ்பத்திரி வேலைக்கு முன்னால் காலையில் ஒன்றரை மணி நேரம், அதற்காகத்தான் இந்தப் பாறையில் முட்டி தேய்கிறது. ஒரே ஒரு படம். அதற்குக் கீழே அவளும் அந்த மூன்று சொல்லைப் போடுவாள், நெஞ்சில் கைவைத்துப் போடுவாள், அவன் முகத்தில் அடிக்கிறமாதிரி. முகத்தில் அடிக்கிறதாம். அவளா? நேற்று சாயங்காலம் போனில் அவள் சொன்னது என்ன?

சரிண்ணா. அதுதான் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "ஜெசி, எப்டிம்மா இருக்க? மழ ஆரம்பிச்சிருச்சே, நம்ம ஆளு வந்தாச்சா?" ஹேமந்த். காட்டு உயிர்களைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களைக் கட்டணம் வாங்கிக் கூட்டிவந்து காட்டுவது அவன் தொழில்; எஸ்டேட் மானேஜருக்குச் சிநேகிதன், வந்தால் பங்களாவில்தான் தங்கல். நம்ம ஆளு என்கிறான், மச்சானைக் கேட்கிறமாதிரி. "தெரியலண்ணா." "ஏய், நீ தெரியலன்னு இழுத்தாலே இருக்குன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல எட்டு மணி, பம்ப் ஹவுஸ்கிட்ட வந்துருவோம். பழைய எடந்தானே? நீயும் வந்துரு, நாலு விஷயம் கத்துக்கிட்டமாதிரி இருக்கும்." நாலு விஷயம். அவளுக்கு. மலைமலையாக ஏறி இறங்கி, பாம்பு இருக்கிற கிளையையும் இல்லாத கிளையையும் ஈரத்தின் வாசனையை வைத்துச் சொல்கிறவளுக்கு. வாய்வரைக்கும் வந்தது. வராதே என்று வந்தது, நீ ஒரு திருடன் என்று வந்தது, போன வருஷம் நீ செய்ததெல்லாம் எனக்குத் தெரியும்டா என்று, ஆமாம், டா போட்டே வந்தது. வந்ததெல்லாம் தொண்டையில் ஒரு இடத்தில் வரிசையாக நின்றுவிட்டு, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு குட்டியாக ஒன்று வெளியே ஓடியது: சரிண்ணா. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டு அவள் உள்ளேன் என்றால் டீச்சர் நிமிர்ந்து, வாய் அசைந்ததைப் பார்த்துத்தான் குறித்துக்கொள்வார். அப்படிப்பட்ட குரல். கொழுந்து எடுக்கிற அக்காமார் கேலி பண்ணுவார்கள்: "பாம்புக்குக் காது கேக்காதாமே, அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது." அவர்களுக்கும் அவள்மேல் கோபம் உண்டு. தேயிலைச் செடிக்குள் கையை விட்டு வீங்கிப்போய் வருகிற கைக்கெல்லாம் கட்டுப் போடுகிறவள் அவள்தானே. "நல்லா இருக்குடி ஒன் நாயம். அது எங்களக் கடிக்கும், நீ அதுக்குப் படம் புடிப்ப." என்ன சொல்ல? நீங்கள் கோபப்படுவது சரிதான் அக்கா, உங்கள் கோபத்தில் ஒரு நேர்மை இருக்கிறது, இன்னொருத்தன் இருக்கிறான், அவன் அதைக் கொஞ்சுகிறான், அவனைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை என்றா?

கிளை லேசாக ஆடியது. காற்று. பாம்பு ஆடவில்லை, கிளையோடு சேர்ந்து ஆடியது, அதுவும் ஒரு காய்மாதிரி. போன வருஷத்தது இதைவிடப் பருமன். இங்கே இல்லை, நாற்பதடி கீழே, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில். அதை அவள்தான் கண்டுபிடித்தாள், அவள்தான் காட்டிக் கொடுத்தாள். இதைத்தான் நினைக்கக்கூடாது என்று காலையில் கிளம்பும்போதே சொல்லிக்கொண்டாள், அதோ நினைத்தாயிற்று. அதன் படத்தைப் போனில் எல்லாரும் பார்க்கப் போட்டபோது ஊர் எழுதவில்லை, எஸ்டேட் எழுதவில்லை, ஓடையின் பேர் எழுதவில்லை. எவ்வளவு கவனம், எவ்வளவு கெட்டிக்காரத்தனம். படத்தின் இடது மூலையில், மங்கலாக, கல்லில் வெள்ளைப் பெயிண்டில் நாற்பத்தொன்று. படமெடுக்கிற ஆட்கள் அடுத்தவர் படத்தில் பாம்பைப் பார்க்கமாட்டார்கள், பாம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். எந்தப் பாறை, எந்த வளைவு. அவளும் அப்படிப் பார்க்கிறவள்தான். தன் படத்தில் மட்டும் பாம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பெற்றவள் பிள்ளையைப் பார்க்கிறமாதிரி. நாலாம் நாள் கிளை வெறும் கிளை. பங்களாவில் சமைக்கிற சுப்பையா அண்ணன்தான் சொன்னார், இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர், சிரிப்பும் பயமுமாக. "ஃப்ரிட்ஜத் தெறக்கிறேன் பாப்பா, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு டப்பா. தோச மாவுன்னு நெனச்சு மூடியத் தெறந்துட்டேன். கர்த்தரே! சுருண்டு கெடக்கு. கத்துறேன், அந்த ஹேமந்த் தம்பி ஓடி வந்து, அண்ணே, மூடுங்க மூடுங்க, குளுந்தாத்தான் ஆடாம இருக்கும், பத்து நிமிஷம் படம் புடிச்சிட்டுக் கொண்டுபோய் விட்டுருவோங்கிறான். அதுலேருந்து நான் அந்த ஃப்ரிட்ஜ்ல தண்ணிகூட எடுத்துக் குடிக்கிறதில்ல." மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ரெண்டு மாசம் கழித்துப் படம் வந்தது, ஏதோ ஒரு போட்டியில் முதல் பரிசு. பங்களா வாசல் தொட்டியில் வளர்கிற சிவப்புப் பூ, அதன் தண்டில் அவள் பாம்பு. இந்தக் காட்டில் அந்தப் பூ ஏது? தலையைத் தூக்கி, கழுத்தை வளைத்துக்கொண்டு. என்ன கம்பீரம், என்ன கம்பீரம் என்று ஊரே எழுதியிருந்தது. கம்பீரமா அது? குளிரில் மரத்துப்போய், இறக்கிவிட்ட இடம் எதுவென்று தெரியாமல், சுற்றி நாலு விளக்கு வெட்டினால் ஒரு உயிர் எப்படி நிற்குமோ அப்படி நிற்கிறது. பயந்த பாம்புதான் தலையைத் தூக்கும். நிம்மதியாக இருக்கிற பாம்பு இதோ, தாடையைத் தன் உடம்புமேலேயே வைத்துக்கொண்டு, ஒரு மண்ணும் செய்யாமல் இருக்கிறது. அதற்குப் பரிசு கிடைக்காது. கீழே: இயற்கையான வாழிடத்தில், எந்தத் தொந்தரவும் செய்யாமல். அவள் போட்டிக்காரர்களுக்கு ரெண்டு பக்கம் கடிதம் எழுதி அனுப்பினாள். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

கொண்டுபோய் விட்டானாம். எங்கே விட்டான்? ஜீப்பில் போகிற வழியில், எங்கே இறங்கத் தோன்றியதோ அங்கே. இந்தப் பாம்புக்கு ஊர் என்பதே ஒரு ஓடை வளைவுதான், நாலு கிளைதான். அதைவிட்டுத் தூக்கிப் போட்டால் திரும்பத் தெரியாமல் இழைந்துகொண்டே இருக்கும். வாலுக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு தழும்பு இருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது, கிளை வெறுமையான மூன்றாம் நாள், கொழுந்து லாரி போகிற ரோட்டில். தழும்பு இருந்த பகுதி மட்டும் நசுங்காமல் இருந்தது. அப்பா கூட இருந்தார் அப்போது, ரெண்டு பேரும் சம்பளச் சீட்டு வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ரோட்டில் குந்திவிட்டாள். அப்பா குடையை அவளுக்குப் பிடித்துக்கொண்டு, "எந்திரி புள்ள, லாரி வரும்," என்றார். அப்பா. அவள் ஒன்பது வயசில் லைன் வீட்டு அடுப்படிக்குள் வந்த சாரையைக் கவாத்துக் கத்தியால் மூன்றாக வெட்டியவர். அது விஷமில்லாதது, எலி பிடிக்க வந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டு எத்தனை வருஷம் அவரோடு முறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்று துண்டும் தனித்தனியாக நெளிந்ததை அவள் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். ஆனால் அப்பா என்ன சொன்னார்? கத்தியைக் கழுவப் போன இடத்தில், யாரும் கேட்காமலே, "பயந்துட்டேன், அதான் கொன்னுட்டேன்," என்றார். கொன்னுட்டேன். அப்படி ஒரு சொல் இருக்கிறது உலகத்தில். அதைச் சொல்ல ஒரு ஆளால் முடிகிறது. சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இவன் மட்டும் ஏன் சொல்லமாட்டேன் என்கிறான்? தூக்கினேன், குளிர வைத்தேன், பூவில் வைத்தேன், வழியில் போட்டேன் என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்குமா? வந்திருக்கும். வந்திருக்கும்தான். ஆனால் அதற்கு ஒரு கரை இருந்திருக்கும். இதற்குக் கரையே இல்லை, சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் முட்டுகிறது. எந்தத் தொந்தரவும்.

கணுக்காலில் ஒரு அட்டை ஏறுகிறது. ஏறட்டும், இப்போது கையை ஆட்டக்கூடாது. வலது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி கிடக்கிறது, நுனி கவட்டையாகப் பிரிந்தது. கிடக்கிறதாம். வருகிற வழியில் அவள்தான் ஒடித்துக்கொண்டு வந்தாள். ஒடிக்கும்போது எதற்கு என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. எட்டடி போதும். கிளையிலிருந்து மெள்ளக் குச்சியில் ஏற்றி, ஓடைக்கு அந்தக் கரையில், பெரணிப் புதருக்குள் விட்டுவிட்டால் அவன் வந்து வெறுங்கிளையைப் பார்த்துவிட்டுப் போவான். அதன் நல்லதுக்குத்தான். நல்லதுக்குத்தான் என்று அவனும் சொல்வான். பாம்பைப் பார்த்தால்தானே சனங்களுக்கு அதன்மேல் அன்பு வரும் என்று மேடையில் பேசுகிறவன் அவன். ஒரு தடவை தொட்டுவிட்டால் அப்புறம் எட்டடிக்கும் எட்டு மைலுக்கும் என்ன வித்தியாசம்? ரோட்டில் நசுங்கிக் கிடந்ததும் யாரோ ஒருத்தர் நல்லதுக்கென்று நகர்த்தியதுதானே. குச்சியை எடுத்தாள். விரல் அதன் கவட்டைக்கு அச்சாகப் பொருந்தியது. ஓடைக்குள் எறிந்தாள். பாம்பின் நாக்கு ஒரு தடவை வந்து போனது. தண்ணீர் கலங்கியதைப் பார்த்ததா, அவளை முகர்ந்ததா, தெரியாது. சரி, தொடமாட்டாய். அப்படியென்றால் என்ன செய்வாய்? எதிரே நின்று இங்கே வராதே என்பாயா? ஓடைப்பக்கம் வர அவளுக்கு மானேஜர் வாய்வார்த்தையாகத் தந்த அனுமதிதான். அவன் பங்களாவில் காப்பி குடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் போய்விடும், அடுத்த மழைக்கு இந்தப் பாம்பைப் பார்க்கக்கூட ஆளிருக்காது. மண்டைக்குள் மட்டும் எத்தனை அறை விடுகிறாள். கன்னம் கன்னமாக.

தவளை வந்திருந்தது. எப்போது வந்தது? கோபப்பட்டுக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது. பாறையின் விளிம்பில், பெருவிரல் அளவு, பழுப்பு, தொண்டை மட்டும் படபடவென்று. கிளைக்கு நேர் கீழே வர இன்னும் ஒரு முழம். ஒரு தாவல். அரை முழம். பாம்பிடம் எந்த மாற்றமும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள், அவளுக்குத் தெரிந்தது: கழுத்து ஒரு நூல் பின்வாங்கி மடிந்தது. ஆண்டவரே. ஷட்டர்மேல் விரல். வெளிச்சம் பரவாயில்லை, போதும், இலைக்கு நடுவே பால்மாதிரி இறங்குகிறது. இன்னொரு தாவல், குட்டித் தாவல், வாடா, வா என் ராசா. ஒரு சாவை இப்படிக் கூப்பிடுகிறோமே என்று ஒரு ஓரத்தில் சுருக்கென்றது, சுருக்கென்றதை ஒதுக்கினாள். அப்போதுதான் ஜீப் சத்தம். எட்டு மணி என்றானே. பம்ப் ஹவுஸ் வளைவில் நின்று, கதவுகள் ஒன்று, ரெண்டு, மூன்று அடித்துச் சாத்தப்பட்டன. மணி ஏழேகால்கூட ஆகவில்லை. சிரிப்பு, பெண் குரல் ஒன்று, அப்புறம் ஹேமந்த் குரல், தெளிவாக: "பாம்பத் தேடாதீங்க. ஒரு பொண்ணு கேமராவோட குந்திக்கிட்டு இருப்பா, அவளத் தேடுங்க. அவ பாக்குற எடத்துலதான் இருக்கும்." சிரித்தார்கள். உண்மைதானே. அதுதானே தொழில் ரகசியம். முடிச்சுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆறு பேருக்கு அவள்தான் விரல், அவள்தான் அம்புக்குறி. அவள் இங்கே குந்தியிருக்கிற ஒவ்வொரு நொடியும் அதோ அங்கே என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் கல் காட்டியது, இந்த வருஷம் அவள் முதுகு காட்டுகிறது. தவளை கிளைக்கு நேர் கீழே இருந்தது. பாம்பின் தலை அதை நோக்கி இறங்கியிருந்தது. ஒரு நிமிஷம், அரை நிமிஷம் போதும். செருப்புச் சத்தம் சருகில் கேட்டது.

எழுந்தாள். முட்டி சடக்கென்றது. பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள், பாதையை நோக்கி, அவர்கள் வருகிற திசைக்கு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். நாலாவது அடியில் பின்னால் ஒரு சத்தம், ஈர இலையை விரலால் சுண்டினமாதிரி, உடனே தண்ணீர்ச் சத்தத்தில் கரைந்துபோனது. திரும்பாதே. திரும்பினால் அவர்களும் பார்ப்பார்கள். பத்தொன்பது நாள் காலையும், வாங்கிய அட்டைக்கடியும், அந்த ஒரு சத்தத்தில் முடிந்துவிட்டது. பிடித்ததா, தவறியதா, இனிச் செத்தாலும் தெரியாது. திரும்பாதே கழுதை. கையில் கேமரா. கேமரா! அவன் கேட்பான், கேட்கக்கூட மாட்டான், பிடுங்கிப் பார்ப்பான், அது அவன் பழக்கம். உள்ளே பத்தொன்பது நாளும் வரிசையாக இருக்கிறது, கிளை, பாறை, ஓடை வளைவு, எல்லாம் பட்டவர்த்தனமாக. கார்டை உருவலாம் என்றால் அந்த மூடி உடைந்து, மழைக்குப் பயந்து கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். விறைத்த விரலுக்கு அது பிரியாது. நடந்துகொண்டே பொத்தானைத் தேடினாள். எல்லாப் படங்களையும் அழிக்கவா என்று கேட்டது திரை, மரியாதையாக. எவ்வளவு மரியாதை. ஏழாம் நாள் மழைத்துளி ஒன்று அதன் மூக்கு நுனியில் நின்றதே, அதுவும் இருக்கிறது உள்ளே. இதைக் கேட்கிற உரிமை அவனுக்கு யார் கொடுத்தார்கள், இந்தப் பொத்தானை அவள் ஏன் அமுக்கவேண்டும், அவன் செய்த பாவத்துக்கு அவள் ஏன், அமுக்கினாள். ஒரு சின்னக் கடிகாரம் சுற்றி, நின்றது.

வளைவில் முட்டிக்கொள்ளாத குறையாக எதிரே நின்றார்கள். "அடடே, ஜெசி! எங்களுக்கு முன்னாடியே வந்துட்டியா? எங்க நம்ம ஆளு?" ஹேமந்த் கையில் கொக்கி போட்ட கம்பி, தோளில் மூடியில் ஓட்டை போட்ட டப்பா தொங்குகிறது. "இல்லண்ணா. நாலு நாளாச்சு, போயிருச்சு." அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள் முட்டியைப் பார்த்தான். "முட்டியெல்லாம் சேறு. இல்லாத பாம்புக்கா முட்டி போட்ட?" யாரோ சிரித்தார்கள். கை நீட்டினான், கேட்காமல் கேமராவை வாங்கினான், அமுக்கினான், மறுபடி அமுக்கினான். "ஒண்ணுகூட இல்லையே! விடியக்காலைலேருந்து உக்காந்து ஒரு படமா எடுக்கல?" "ஒண்ணும் வரலண்ணா." அவன் ஆறு பேரையும் திரும்பிப் பார்த்து, அன்பாக, வீட்டுப் பிள்ளையைச் சொல்கிறமாதிரி சொன்னான்: "நல்ல பொண்ணு. நாந்தான் எல்லாம் சொல்லிக்குடுத்தது. ஒண்ணே ஒண்ணுதான் வரமாட்டேங்குது. பொறுமை. பாம்புன்னா பொறுமை வேணும், ஜெசி." காலில் அட்டைக்கடிக்குப் புது உறை மாட்டிய ஒரு பெரியவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பொறுமை. அந்தச் சொல் அவள் காதுக்குள் போய், அடிவயிறுவரைக்கும் இறங்கி, அங்கிருந்து என்னவோ எழும்பியது. தொண்டையில் அந்த வழக்கமான இடத்துக்கு வந்தது, நின்றது, இந்த முறை நின்று பின்வாங்கவில்லை. "மேல, மூங்கக்காட்டுக்கு அங்கிட்டு ஒண்ணு இருக்கு. வாங்க!" என்றாள். அது அவள் குரலா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து மரத்திலிருந்து ஒரு பறவை விருட்டென்று கிளம்பியது. ஹேமந்த்கூட ஒரு அடி பின்னால் போனான். "ஏன்மா கத்துற? பக்கத்துலதானே நிக்கிறோம்." "பெருசு. மஞ்சக் கலரு. இப்பவே போனாத்தான்." கேமராவை அவன் கையிலிருந்து பிடுங்கினாள், ஆமாம், பிடுங்கினாள், பட்டை அவன் விரலில் உரசி அவன் ஸ் என்றான். ஆறு பேரின் நடுவே வழி ஏற்படுத்திக்கொண்டு ஓடைக்கு எதிர்த் திசையில், பாதை விட்டு விலகி மேட்டில் ஏறத் தொடங்கினாள். மூங்கில்காட்டுக்கு ரெண்டு மணி நேரம். செங்குத்து, வழுக்குப் பாறை, பிடிக்கப்போனால் எல்லாம் முள். அங்கே பாம்பும் இல்லை, ஒரு எழவும் இல்லை. தெரிந்ததும் அவன் என்னென்ன செய்வான் என்பதெல்லாம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். "எவ்ளோ தூரம்மா?" என்று பெரியவர் மூச்சிரைக்கக் கேட்டார். "இந்தா, பக்கந்தான்." "மெதுவாப் போ ஜெசி, அவங்களுக்குப் பழக்கமில்ல." கேட்டது. நன்றாகவே கேட்டது. அடுத்த பாறையில் கையை ஊன்றி எம்பினாள், அதற்கடுத்ததில், கணுக்காலில் ரத்தம் செருப்புக்குள் இறங்கிப் பிசுபிசுத்தது. கீழே ஒருத்தர் வழுக்கி விழுந்தார், இன்னொருத்தர் நில்லும்மா நில்லும்மா என்று கத்தினார். அவள் வேகத்தைக் கூட்டினாள்.